உலாவியிலிருந்தே கோப்பு பகிர்வது, படப்பக்கம் நடத்துவது: தோட்டத்துப் பழைய படங்களுக்கு எந்த வழி?

பால்வாளி (கேள்வி)

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். அங்கே இருந்தவர்கள் இப்போது கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பிரிந்துபோய்விட்டார்கள். கையில் இருப்பது கோயில் திருவிழாக் காணொளி ஒன்று (விஎச்எஸ் டேப்பிலிருந்து எடுத்தது, 2 மணி நேரம், 4.7 ஜிபி), ஸ்கேன் செய்த படங்கள் 640. புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டால் படம் மங்கிவிடுகிறது. காணொளி 2 ஜிபி வரம்பைத் தாண்டிவிட்டதால் போகவே மாட்டேன் என்கிறது.

1. மாதாமாதம் சேமிப்பிடத்துக்குக் காசு கட்டாமல், க்ரோம் தாவலைத் திறந்துவைத்து அதிலிருந்தே 30 குடும்பங்களுக்குக் கொடுக்க முடியுமா?
2. படங்களை ஒரு பக்கமாக்கி, அதையும் என் மடிக்கணினியிலிருந்தே நடத்தலாமா?
3. தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒன்றுகூடல் வைக்கிறோம். அங்கே இணையம் கிடையாது. வருகிறவர்களின் கைப்பேசியில் எப்படி இறக்கிக் கொடுப்பது?

விண்டோஸ் 11. வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ்.

செம்பனை_காடு

அண்ணே, ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உலாவித் தாவல் வெளியே போய் அடுத்தவர் கதவைத் தட்டும். தன் கதவைத் திறந்துவைத்து யார் வருகிறார் என்று காத்திருக்க அதற்கு வழியில்லை. ஒரு வலைப்பக்கம் கணினியில் போர்ட் (இணைப்பு வரும் வாசல்) திறந்து கேட்க எந்த உலாவியும் விடாது, அதுதான் பாதுகாப்பு. 2009-இல் ஓப்பரா உலாவிக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்து 'யுனைட்' என்று கொண்டுவந்தார்கள். அதிலும் ரூட்டருக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு நிறுவனத்தின் இடைச் சர்வர் வழியாகத்தான் போக்குவரத்து. 2012-இல் கைவிட்டுவிட்டார்கள்.

இன்று அந்த இடத்தில் இருப்பது வெப்ஆர்டிசி என்கிற உலாவித் தொழில்நுட்பம். இரு உலாவிகளும் ஒரு நடுச் சர்வரிடம் போய் முகவரியைப் பரிமாறிக்கொள்ளும். அதன் பிறகு கோப்பு, குறியாக்கம் செய்யப்பட்டு, நேராக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். பேர்ட்ராப், ஃபைல்பீட்ஸா என்கிற இரண்டு தளங்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆளுக்கு ஆள் உட்கார்ந்து அனுப்ப பேர்ட்ராப்: ஒரே வைஃபையில் இருந்தால் தானாகத் தெரியும், வெளியூர் என்றால் 6 இலக்க எண் கொடுத்து இணைக்கலாம். ஒரே இணைப்பைப் பலருக்குக் கொடுக்க ஃபைல்பீட்ஸா.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 4.7 ஜிபி என்றால் 37,600 மெகாபிட். 10 எம்பிபிஎஸ்ஸில் ஒருவருக்கு 63 நிமிடம், 30 பேருக்கு 31 மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் உங்கள் தாவல் திறந்திருக்க வேண்டும்.

அதனால் முதல் வேலை காணொளியைச் சுருக்குவது. விஎச்எஸ்ஸில் இருப்பது பிஏஎல் என்கிற பழைய தொலைக்காட்சி முறை, 576 வரி, நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). அதற்கு 4.7 ஜிபி தேவையே இல்லை. ஹேண்ட்பிரேக் என்கிற காணொளி மாற்றும் மென்பொருளில் எச்.264 சுருக்க முறையை எடுத்து, சராசரி வேகத்தை ஒலியோடு சேர்த்து 1500 கேபிபிஎஸ் வருகிற மாதிரி வையுங்கள். 2 மணி நேரத்துக்கு 1.35 ஜிபி வரும். ஆளுக்கு 18 நிமிடம், 30 பேருக்கு 9 மணி நேரம். 2 ஜிபிக்குள் அடங்கிவிடுவதால் புலனத்தில் 'ஆவணம்' என்றும் அனுப்பலாம்.

சுருக்கும்போது டிஇன்டர்லேஸ் வடிகட்டியை மறக்காதீர்கள். டேப்பில் ஒவ்வொரு சட்டமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பதிந்திருக்கும். அப்படியே விட்டால், காவடி எடுத்து ஆடுகிறவர் கையை வீசும்போது கை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். ஒருமுறை அந்தக் கோட்டோடு சுருக்கிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. 4.7 ஜிபி மூலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். இரண்டு வெளி வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பால்வாளி

நன்றி அண்ணே. சுருக்கிவிட்டேன். கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜொகூர் பாருவில் தங்கை மகன் கைப்பேசி டேட்டாவில் இருக்கிறான், அவனுக்கு மட்டும் 'இணைக்கிறது' என்றே நிற்கிறது. இன்னொருவருக்குப் பாதியில் அறுந்துபோனது.

தண்டவாளம்

இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலாவது, வழி கிடைக்காதது. கைப்பேசி டேட்டாவில் பலருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுப்பார்கள். வீட்டு இணையத்திலும் இது உண்டு. உங்கள் ரூட்டர் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடும். இரு பக்கமும் இப்படியிருந்து, ஒவ்வொரு தொடர்புக்கும் போர்ட் எண் மாறிக்கொண்டே இருந்தால், நேர்வழி பிறக்காது. டர்ன் என்கிற இடைச் சர்வர் வழியாகத்தான் போகவேண்டும். செலவு கருதி அதை வைக்காத இலவசத் தளங்களில் இப்படி 'இணைக்கிறது' என்றே நின்றுவிடும்.

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். அனுப்பத் தொடங்கும் முன்பே க்ரோமில் இன்னொரு தாவலில் 'வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ்' உள்பக்கத்தைத் திறந்து வையுங்கள், இணைப்பு முடிந்தபின் திறந்தால் ஒன்றும் இருக்காது. தேர்வான கேண்டிடேட் இணையில் (இரு கருவிகளும் பேசிக்கொள்ளும் முகவரி ஜோடி) வகையைப் பாருங்கள். 'ஹோஸ்ட்' என்றால் பெரும்பாலும் ஒரே வைஃபைக்குள் போகிறது. 'எஸ்ஆர்எஃப்எல்எக்ஸ்' என்றால் ரூட்டரைத் தாண்டி நேராக. 'ரிலே' என்றால் இடைச் சர்வர் வழி. எந்த இணையும் தேர்வாகாமல் எல்லாம் 'ஃபெயில்ட்' என்றால் வழியே இல்லை. ஜொகூர் பாரு தம்பியை வேறு வீட்டு வைஃபைக்குப் போய் முயலச் சொல்லுங்கள், அது போதும். இருபுறமும் ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, ரூட்டரில் அது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்குள்ளேயே இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பார்க்காவிட்டால், விருந்தினர் வைஃபையில் ஒன்று மாட்டியிருக்கும். அல்லது பின்கட்டுக்கு வைத்த இரண்டாவது ரூட்டர் தனி வலையமைப்பு நடத்தும்: ஒன்றுக்கு 192.168.0, மற்றதற்கு 192.168.1 என்று வரும். இரண்டாவதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, பாதியில் அறுவது. ஐபோனில் திரை அணைந்தாலோ வேறு செயலிக்குப் போனாலோ சஃபாரி தாவலை நிறுத்திவிடும். பெறுகிறவர் திரைப் பூட்டு நேரத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்து, சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடாமல் இருக்கவேண்டும். உங்கள் பக்கம் மடிக்கணினி தூங்காதபடி மின் அமைப்பை மாற்றுங்கள், மூடியை மூடாதீர்கள். க்ரோமின் 'மெமரி சேவர்' பட்டியலில் அந்தத் தளத்தை எப்போதும் இயங்குவதாகச் சேர்த்துவிடுங்கள்.

வந்து சேர்ந்ததா என்று கோப்பின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம். 7-ஸிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலச்சொடுக்கு, எஸ்எச்ஏ-256: கோப்பின் கைரேகை மாதிரி ஒரு நீள எழுத்துத்தொடர் வரும். இருபக்கமும் கடைசி எட்டு எழுத்து ஒத்துப்போகிறதா என்று ஃபோனில் படித்துக்காட்டினாலே போதும்.

மேட்டு_லயன்

மண்டபத்து வேலைக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. பேர்ட்ராப் பக்கம் திறக்கவே இணையம் வேண்டும். அங்கே மடிக்கணினியையே உண்மையான சர்வராக்குங்கள்.

எச்எஃப்எஸ் 3 என்கிற கோப்புச் சர்வர் மென்பொருளை இறக்குங்கள். 2-ஆம் பதிப்பு வேண்டவே வேண்டாம், வெளியாள் உள்ளே புகுந்து கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை அதில் இருக்கிறது. எச்எஃப்எஸ்ஸை இயக்கினால் நிர்வாகப் பக்கம் உலாவியிலேயே திறக்கும், கோப்புறையைச் சேர்த்தால் முகவரி காட்டும். விண்டோஸ் தடுப்புச்சுவர் அனுமதி கேட்கும்போது 'தனியார் வலையமைப்பு' மட்டும். பைத்தான் நிரல்மொழியோடு வரும் சின்ன சர்வரைச் சிலர் சொல்வார்கள். அது கோப்பின் நடுப்பகுதியை மட்டும் கேட்டால் கொடுக்கத் தெரியாதது. அதனால் அறுந்த இடத்திலிருந்து தொடராது, ஐபோனில் காணொளி ஓடவும் ஓடாது.

பழைய ரூட்டர் ஒன்று போதும். மடிக்கணினியை அதில் கேபிளால் கட்டுங்கள். வைஃபையில் கட்டினால் ஒரே தரவு காற்றில் இரண்டு தடவை போகும், வேகம் பாதியாகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதையே கொடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் காணொளி இறக்கவிடாதீர்கள், மற்றவர்கள் அதுவரை படம் பார்க்கட்டும்.

முகவரியைக் கியூஆர் குறியாக அச்சடித்து வாசலில் ஒட்டுங்கள். அதன் கீழே பெரிய எழுத்தில்: 'மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் சேரவும்'. இணையம் இல்லாத வைஃபை என்றதும் கைப்பேசி தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. பெரியவர்கள் நம் சர்வர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பெண்டிரைவில் கேட்பவர்களுக்கு: எஃப்ஏடி32 என்கிற பழைய வட்டு வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. சுருக்கிய பிரதியைக் கொடுங்கள்.

செம்பனை_காடு

இரண்டாம் கேள்வி விட்டுப்போனது. படப்பக்கத்தை மடிக்கணினியிலிருந்து நடத்தாதீர்கள். நீங்கள் தூங்கினால் பக்கமும் தூங்கும். நிலையான பக்கம்தானே, கிட்ஹப் பேஜஸ் என்கிற இணையதளச் சேவையில் காசில்லாமல் வைக்கலாம். தளம் 1 ஜிபிக்குள், உலாவி வழியே ஏற்றும்போது ஒரு கோப்பு 25 எம்பிக்குள், ஒரு தடவைக்கு 100 கோப்பு. நீளப்பக்கம் 1600 புள்ளி, ஜேபெக் தரம் 80 என்று சுருக்கினால் படம் ஏறக்குறைய 350 கேபி. 640 படமும் 224 எம்பியில் அடங்கிவிடும், ஏழு தடவையாக ஏற்றுங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கம் அது, ஆகவே படத்தில் இருப்பவர் குடும்பத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பால்வாளி

ஏற்றிவிட்டேன். என் கணினியில் எல்லாம் தெரிகிறது, தளத்தில் பாதிப் படம் காணோம். 'தோட்டம்', 'கோயில்' என்று பெயர் வைத்தவை ஒன்றுமே வரவில்லை. அவற்றை மருமகன் மேக்கில் பெயரிட்டான்.

தண்டவாளம்

அங்கேதான் சிக்கல். 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஏகாரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கில் சில இடங்களில் பெயர் பிரித்த வடிவில் சேமிக்கப்படும், நீங்கள் பக்கத்தில் தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவம். சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர், '404' (கோப்பு இல்லை) என்று கைவிரிக்கும். அது போக, தமிழ்ப் பெயரின் ஒவ்வொரு குறியும் இணைப்பில் 9 எழுத்தாக விரியும். 'தோட்டம்' என்ற ஒரு சொல்லே 63 எழுத்து. புலனத்தில் ஒட்டினால் பார்க்கச் சகிக்காது.

கோப்புப் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் மட்டும், இடைவெளி வேண்டாம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, சர்வருக்கு வேறு. மீதிப் படங்கள் காணாமல் போனதற்கு அது காரணமாக இருக்கும், முக்கியமாகப் பின்னொட்டைப் (.JPG, .jpg) பாருங்கள். தமிழ்ப் பெயர், ஊர், வருடம், படத்தில் யார் யார் என்பதெல்லாம் படத்தின் கீழே வரும் குறிப்பில் எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டால் அங்கே தமிழ் சரியாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும்.