பரணில் இருந்த பை

குழு: காலடிப்பேட்டை வீடு

ஞாயிறு, காலை 9.42

லோகநாதன்: அனைவருக்கும் இனிய காலை வணக்கம். (தாமரைப் பூப் படம்)

மாலதி: நாளை வெள்ளையடிக்க ஆள் வருகிறது. பரணைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். பழைய இரும்புக்காரரை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்ன வேண்டுமோ அதற்குள் சொல்லிவிடுங்கள். பிறகு அது எங்கே, இது எங்கே என்று என்னைக் கேட்கக் கூடாது.

மாலதி: (4 படங்கள்)

பிரியா: அந்த இரண்டாவது படத்தில் என்ன, நீளமான பை?

மாலதி: உன் தாத்தாவின் கம்பிப் பை. முருங்கைக்காய் பறிக்க ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். கிலோவுக்கு 30 ரூபாய் தருகிறாராம்.

குமார்: அண்ணி. போடாதீர்கள்.

குமார்: அண்ணி, கையால் தொடாதீர்கள். நான் வருகிறேன்.

சுமதி: இப்போதுதான் தோசை கேட்டார். தட்டை வைத்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

குமார்: அது கோல்ஃப் செட். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஒரு கப்பல் அதிகாரி கொடுத்தது. பரணில் இருப்பதே எனக்குத் தெரியாது. பழைய வீட்டோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை கிளப் இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எண் இருக்கும்.

மாலதி: எண்ண நேரமில்லை. பிரியா எண்ணுவாள்.

பிரியா: மரக் கட்டை வைத்தவை இரண்டு. இரும்பில் 3, 5, 9. தட்டையாக ஒன்று. மொத்தம் ஆறு.

குமார்: ஏழு இருக்க வேண்டும். 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் வருவது அரை செட். விதிப்படி ஒருவர் பையில் 14 வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் புதியவர்கள் அரை செட்டில்தான் தொடங்குவார்கள். இப்போதும் அதுதான் புத்திசாலித்தனம். நான் முதலிலேயே முழு செட் வாங்கிக் கெட்டேன். அந்த 7 அயர்ன் எங்கே? அதுதான் முக்கியம். கற்றுக்கொள்ளும்போது எல்லாரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

லோகநாதன்: ஏழு அயர்ன் எதற்கு? வீட்டுக்கு ஒன்று போதாதா? எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் சட்டைக்கு 10 ரூபாய்தான் வாங்குகிறார்.

அருண்: அப்பா, அது வேறு.

விஜயா: அண்ணி, பித்தளை அண்டா பரணில் இருந்ததா?

மாலதி: எந்த அண்டா?

விஜயா: சும்மா கேட்டேன்.

காலை 10.05

குமார்: மெட்ரோவில் இருக்கிறேன். அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மரத் தலைகள் பெர்சிமன் என்ற மரத்தில் செய்தவையாக இருக்கும். 1979இல் உலோகத் தலை விற்பனைக்கு வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக மரம் வழக்கொழிந்துவிட்டது. இப்போது டிரைவர் என்ற தூர அடிக் கிளப்பின் தலை 460 கன சென்டிமீட்டர் வரை பெரிதாக இருக்கலாம், உள்ளே வெற்றிடம். அதனால் தப்பாக அடித்தாலும் பந்து ஓரளவு நேராகப் போகும். மரத் தலை சின்னது, நடுவில் படவில்லை என்றால் கை அதிரும். ஆனால் பட்டால் வரும் சத்தம் இருக்கிறதே! தயவுசெய்து வெயிலில் வைக்க வேண்டாம். மரம் வெடித்துவிடும்.

மாலதி: காலை 7 மணியிலிருந்து மொட்டை மாடியில் காய்கிறது.

குமார்: ஐயோ.

மாலதி: இரும்பையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளிச்சென்று இருக்கிறது.

குமார்: ஐயோ அண்ணி.

சுமதி: மாலதி அக்கா, இவர் போன வருடம் ஒரே ஒரு கையுறை வாங்கி வந்தார். இன்னொன்றைக் கடையில் மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். ஒரு கைக்கு மட்டும்தான் போட வேண்டுமாம்.

குமார்: வலக்கை ஆட்டக்காரர் இடக்கையில்தான் போடுவார். சென்னை வியர்வைக்கு உண்மையில் இரண்டு தேவை. ஒன்று நனைந்தால் மாற்ற. அதுவும் இடக்கைக்குத்தான்.

சுமதி: ஆக, இரண்டு இடக்கை.

அருண்: குமார் மாமா, தூரம் பார்க்கும் கருவி என்று ஒன்று வைத்திருந்தீர்களே?

குமார்: அது அலுவலக நண்பருடையது. இரவல்.

சுமதி: இரவலுக்கு ரசீது உங்கள் சட்டைப் பையில் இருந்தது.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பிரியா: சித்தப்பா, என்ன நீக்கினீர்கள்?

லோகநாதன்: பணக்காரர் விளையாட்டு மாப்பிள்ளை. நமக்குக் கேரம், கால்பந்து போதும். நம் பக்கத்துப் பெண் காசிமா 2024இல் அமெரிக்கா போய்க் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். ஸ்ட்ரைக்கர் 15 கிராம். அதற்கு ஒரு தனிப் பை, தனிச் செருப்பு உண்டா?

குமார்: மாமா, பெங்களூர்க்காரர் முனியப்பா, கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் கேடியாக இருந்தவர். 2009இல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியில் ஜெயித்தார். செலவாகும், இல்லை என்று சொல்லவில்லை. நண்பர் உறுப்பினர் என்பதால் நந்தனத்தில் விருந்தினராகத்தான் ஆடுகிறேன். தண்டையார்பேட்டையில் ஏறினால் நந்தனம் வரை ஒரே வண்டி. ஸ்கேனரில் பை போனபோது, எதற்கு இத்தனை கம்பி என்று கேட்டார்கள். பந்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

லோகநாதன்: உன் நிலவரம் என்ன? நன்றாக ஆடுகிறாயா?

குமார்: ஹேண்டிகேப் 36.

லோகநாதன்: நூற்றுக்கா?

குமார்: இல்லை மாமா. கிட்டத்தட்ட அத்தனை அடி கூடுதலாக அடித்தாலும் மன்னிப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே கணக்கு, அதிகபட்சம் 54. என்னைப் போன்றவர்களும் கெட்டிக்காரர்களோடு சேர்ந்து ஆடலாம் என்பதற்காக வைத்த ஏற்பாடு.

சுமதி: மன்னிப்பிலேயே ஓடுகிறது இவர் ஆட்டம். சென்ற மாதம் மட்டும் 11 பந்து குளத்தில்.

அருண்: 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் கோல்ஃபைத் தடை செய்தாராம். மக்கள் வில்வித்தைப் பயிற்சிக்கு வருவதில்லை என்று.

சுமதி: நல்ல மனிதர்.

காலை 10.31

மாலதி: இரும்புக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் நிற்கிறார். முடிவு சொல்லுங்கள்.

குமார்: டோல்கேட் தாண்டிவிட்டேன். அடுத்ததுதான் நம் நிலையம். ஐந்து நிமிடம். குறைந்தபட்சம் பட்டரை மட்டுமாவது பிடித்து வையுங்கள்.

மாலதி: எந்தப் பட்டர்? அறுபதாம் கல்யாணத்துக்கு ஐயரைப் பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது இன்னொருவரை எதற்குப் பிடிக்க வேண்டும்?

பிரியா: அம்மா, பட்டர் என்பது அந்தத் தட்டையான கம்பி.

லோகநாதன்: அப்படியென்றால் வீட்டில்தானா விசேஷம்? திருக்கடையூர் என்று அல்லவா பேச்சு?

மாலதி: திருக்கடையூருக்கு வேன் பேசுவது யார் என்று கேட்டபோது குழுவில் யாருமே வாய் திறக்கவில்லையே அண்ணா.

லோகநாதன்: நான் அப்போது பார்க்கவில்லை.

மாலதி: இரண்டு நீலக் குறி இருந்தது.

அருண்: ஒரு விஷயம். அந்த 7 எங்கள் வீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குமார்: என்ன?

அருண்: சம்ப்பில் தண்ணீர் மட்டம் பார்க்க அம்மா ஒரு கம்பி வைத்திருக்கிறார். அடியில் வளைந்து, 7 என்று போட்டிருக்கும். சின்ன வயதில் அது ஏழு அடி ஆழம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஜயா: அருண், உனக்கு வேறு வேலை இல்லையா?

மாலதி: ஓ. பெரம்பூரில் இருக்கிறதா? நல்லது.

விஜயா: அண்ணி, நான் திருடிக்கொண்டு வரவில்லை. அப்பாவே கொடுத்தார்.

மாலதி: நான் ஒன்றும் சொல்லவில்லையே விஜயா.

குமார்: அக்கா, தண்ணீரிலா? எத்தனை வருடமாக?

விஜயா: லாரித் தண்ணீர் வாங்கிய காலத்திலிருந்து.

காலை 10.50

தனசேகர்: எதையும் போட வேண்டாம். என் விசேஷம் முடியும்வரை அப்பா பொருள் எதுவும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. இரும்புக்காரரைக் கட்டிலையும் பழைய குக்கர்களையும் மட்டும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

குமார்: அண்ணா, நான் வாசலில்தான் நிற்கிறேன். கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

விஜயா: அப்பா ஏன் எனக்குக் கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, 1977 என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். ராயபுரம் பக்கம், கடற்கரைக்கு. ஒரு துணியில் சுற்றி இரண்டு கம்பி, இரண்டு பந்து. அவர் அடிப்பார், நான் ஓடிப்போய்ப் பொறுக்கி வருவேன். வலை காயவைத்திருக்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார். யாராவது வந்தால் உடனே துணியில் சுற்றிவிடுவார். வீட்டில் சொல்லாதே என்று எனக்கு ஒரு பன் வாங்கித் தருவார்.

குமார்: எனக்கு யாரும் சொல்லவே இல்லையே அக்கா. இரண்டு வருடமாக நான் ஆடுகிறேன். குழுவில் படம் போட்டிருக்கிறேன்.

விஜயா: உனக்கு அப்போது மூன்று வயது. அப்புறம் சொல்ல வாய்க்கவில்லை.

தனசேகர்: என்னைக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை.

விஜயா: உன்னை எழுப்பினால் எழுந்திருக்கவே மாட்டாய் அண்ணா. அப்பா இரண்டு முறை எழுப்பிப் பார்த்தார்.

பிரியா: அத்தை, தாத்தா நன்றாக அடிப்பாரா?

விஜயா: எனக்கு என்ன தெரியும்? பந்தைவிட மணல்தான் அதிகம் பறக்கும்.

குமார்: 9 வைத்து அடித்தால் அப்படித்தான். அதன் விளிம்பு கூர்மையாக மணலுக்குள் புதைந்துகொள்ளும். மணலுக்கென்றே தனிக் கிளப் உண்டு, அடிப்பாகம் தடித்து உருண்டிருக்கும், படகு மாதிரி மணல்மேல் வழுக்கிப் போகும். 1930களில் ஜீன் சரசென் என்ற அமெரிக்கர் பெயர்பெறச் செய்தது. பந்தை அடிக்கவே கூடாது, அதற்குப் பின்னால் இருக்கும் மணலை அடிக்க வேண்டும். மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். அப்பாவுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. பாவம், பொருந்தாத கிளப்பை வைத்துக்கொண்டு…

விஜயா: பாவம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் அடித்தார்.

லோகநாதன்: அந்த மணல் இப்போது ஏது? நான் துறைமுகத்திலேயே 34 வருடம் இருந்தவன். கடலோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் அரித்தது. அதனால்தான் இங்கே கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கடற்கரை, நமக்குக் கல்.

அருண்: அப்பா, கன்டெய்னர் லாரி பற்றித் தொடங்காதீர்கள்.

லோகநாதன்: எண்ணூர் சாலையில் நேற்று 50 நிமிடம் நின்றேன். சொல்லக் கூடாதா?

காலை 11.20

குமார்: பையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒரு மரத் தலையில் மயிரிழை விரிசல். பிடியின் ரப்பர் காய்ந்து பொடிகிறது, அது பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். பக்கப் பையில் இரண்டு பந்து இருக்கின்றன! சின்னதாகத் தெரிகிறது. அண்ணி, அளவுகோல் கேட்டேனே?

மாலதி: எலுமிச்சம்பழ அளவு இருக்கிறது. அளந்து என்ன ஆகப்போகிறது?

குமார்: இருக்கிறது அண்ணி. முன்பு பிரிட்டனில் 41 மில்லிமீட்டர்ப் பந்து இருந்தது, அமெரிக்காவில் அதைவிடப் பெரியது. 1990 முதல் சிறியது செல்லாது, விட்டம் 42.67க்குக் குறையவே கூடாது. அளந்தேன், இவை 41தான். கப்பல்காரர் கொடுத்த பந்தேதான்.

சுமதி: செல்லாத பந்து. விரிசல் விட்ட கட்டை. தண்ணீர்த் தொட்டியில் ஊறிய இரும்பு. இதற்கும் பரண் நம் வீட்டில் இல்லை, சொல்லிவிட்டேன்.

குமார்: நான் ஆட வேண்டுமென்று கேட்கவில்லை. பிடி மட்டும் மாற்றி, எண்ணெய் தடவி, கூடத்தில் வைக்கலாமே.

விஜயா: யார் வீட்டுக் கூடத்தில்?

தனசேகர்: பை இங்கேயே இருக்கட்டும். விசேஷத்தன்று பேசுவோம். விஜயா, நீ 7ஐக் கொண்டு வா.

விஜயா: கொண்டு வருகிறேன். சம்ப்புக்கு வேறு கம்பி வாங்க வேண்டும். அன்றைக்கே அண்டாவையும் பேசிவிடலாம்.

மாலதி: தாராளமாகப் பேசலாம்.

லோகநாதன்: வேன் எத்தனை பேருக்கு?

மாலை 5.48

பிரியா: எல்லாரும் இருக்கிறீர்களா? மாடியில் டங் என்று ஒரு சத்தம்.

மாலதி: சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் ஓட்டை. இவர் 9ஆம் நம்பர்க் கம்பியை எடுத்துக்கொண்டு மேலே போய், மெதுவாகத் தட்டிப் பார்த்தேன் என்கிறார். அறுபது வயதில்.

தனசேகர்: ஓட்டை இல்லை. நசுங்கல்.

மாலதி: அந்த அம்மா கீழே நிற்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

சுமதி: மாமாவுமா!

விஜயா: அண்ணா, பந்து?

தனசேகர்: ஒன்று கிடைக்கவில்லை. இன்னொன்று பத்திரமாக இருக்கிறது.

குமார்: எவ்வளவு தூரம் போனது அண்ணா?

சுமதி: கேட்கிற நேரமா இது?

குமார்: வலப்பக்கம் போனதா, இடப்பக்கமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

தனசேகர்: வலம்.

குமார்: இடக்கைப் பிடி தளர்ந்திருக்கும். கையுறை இருக்கிறதா?