புதுப்பிப்பு: 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஓடாத சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பின் ஃபியூஸை (எந்தக் கடிகாரத்தில் ஓடுவது என்று சிப்புக்குச் சொல்லும் அமைப்பு) வெளிக் கிரிஸ்டலுக்கு (கடிகாரத் துடிப்பு தரும் பாகம்) மாற்றியதும், நிரல் ஏற்றும் கருவியான புரோகிராமருக்குச் சிப் பதிலே சொல்லவில்லை என்று கேட்டிருந்தேன்.

முதலில் கிரிஸ்டலை மாற்றினேன், பயனில்லை. அப்புறம், "கெப்பாசிட்டர் மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. கிரிஸ்டலின் கால்களில் போட, கடையில் 22 பிகோஃபாரட் என்று தந்த இரண்டு கெப்பாசிட்டரிலும் 221 என்று இருந்தது. மூன்றாவது இலக்கம், பின்னால் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்லும். அதாவது 220 பிகோஃபாரட்! 22 பிகோஃபாரட் என்றால் மேலே 22 அல்லது 220 (22-க்குப் பின் பூஜ்யம் இல்லை) என்றுதான் இருக்கும். பத்து மடங்கு சுமையில் அலைவு தொடங்கவே இல்லை. சரியானதைப் போட்டதும் ஓடியது.

எதிர்பாராதது ஒன்று: ஆசிலாஸ்கோப் (அலைவைத் திரையில் காட்டும் கருவி) புரோபை 1எக்ஸில் (சிக்னலைக் குறைக்காத நிலை) வைத்துக் கிரிஸ்டல் காலைத் தொட்டால் அலைவு நின்றுவிடுகிறது. புரோபும் கேபிளும் சேர்ந்தே 100 பிகோஃபாரட் அளவுக்குச் சுமை ஏற்றும். சுமை குறைவான 10எக்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் நிலை) வைத்து, கிரிஸ்டல் இணையும் சிப் கால்களில் வெளியீட்டுக் காலான எக்ஸ்டால்2-இல் பாருங்கள்.