ஆய்வுத் தரவு ரெப்பாசிட்டரி: களஞ்சியமா, வைப்பகமா?

வணக்கம். ஆய்வுத் தரவை மற்றவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி சேமித்துவைக்கும் இணையத் தளத்தை ஆங்கிலத்தில் ரெப்பாசிட்டரி என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> கிட் பயன்படுத்துவோர் ஏற்கெனவே களஞ்சியம் என்றுதான் எழுதுகிறார்கள். ஆய்வுத் தரவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

அங்கேதான் சிக்கல். கிட் என்பது நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் மென்பொருள். அதன் களஞ்சியம் வேலை நடக்கும் இடம். இன்று எழுதியதை நாளை அழிக்கலாம், பெயரை மாற்றலாம், மனம் மாறினால் மொத்தத்தையும் தூக்கிவிடலாம். ஆய்வுத் தரவை அப்படிப்பட்ட இடத்தில் வைத்தால், கட்டுரையில் கொடுத்த இணைப்பு எப்போது செத்துப்போகும் என்று யாருக்கும் தெரியாது. மாறாக, ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுத் தளத்தில் தரவை வெளியிட்டால் அதற்கு ஒரு டி.ஓ.ஐ. எண், அதாவது இணையத்தில் மாறாத அடையாள எண், கிடைக்கிறது. பிறகு புதிய பதிப்பை ஏற்றினால் அதற்குத் தனி எண். எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துச் சுட்ட இன்னோர் எண். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹபில் உள்ள ஒரு மென்பொருள் வெளியீட்டை ஜெனோடோவில் சேமிக்கும் வசதியும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ‘களஞ்சியத்திலிருந்து களஞ்சியத்துக்கு அனுப்புக’ என்று வழிகாட்டி எழுத வேண்டிவரும்!

‘தரவுக் கிடங்கு’ வணிகத் தரவுப் பகுப்பாய்வுக்குப் போய்விட்டது. ‘காப்பகம்’ நல்ல சொல்தான், ஆனால் அதில் பூட்டிப் பாதுகாக்கும் தொனி தூக்கல். இங்கே பாதி நோக்கம் மற்றவர் எடுத்துப் பயன்படுத்துவது.

என் பரிந்துரை ‘வைப்பகம்’. தரவை வைப்பவர் வைப்பாளர், வைத்தது வைப்பு. வினையும் பெயரும் ஒரே வேரிலிருந்து வருவதால் படிவங்களில் எழுதச் சுலபம்: ‘இந்த வைப்புக்கான உரிமத்தைத் தேர்ந்தெடுக்கவும்.’

> வைப்பகம் என்றால் பேங்க் இல்லையா?

தனித்தமிழில் அப்படி எழுதுவோர் உண்டு. மற்ற எல்லோருக்கும் அது வங்கிதான். அப்புறம், அந்தச் சாயல் இருந்தால்தான் என்ன? புரத அமைப்புகளைச் சேர்த்துவைக்க 1971இல் தொடங்கியதற்கே ‘புரதத் தரவு வங்கி’ என்றுதான் பெயர். மரபணு வரிசைகளுக்கு ஜென்பேங்க். நம்பி ஒப்படைப்பது, கேட்டால் திரும்பக் கிடைப்பது என்ற எண்ணம் அந்தத் துறையினருக்கே இருந்திருக்கிறது.

வகைப்பெயர்களும் எளிதாக அமைகின்றன: துறை வைப்பகம், நிறுவன வைப்பகம், பொது வைப்பகம். தேர்வு செய்யும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். துறைக்கென்று ஒன்று இருந்தால் அங்கேயே வைப்பது நல்லது. அந்தத் துறைக்காரர்கள் தேடும் இடம் அது. எங்கே எது இருக்கிறது என்று பார்க்க ரீ3டேட்டா என்ற பதிவேடு இருக்கிறது. எதுவும் பொருந்தாவிட்டால் ஜெனோடோ, ஃபிக்ஷேர், டிரையட் போன்ற பொது வைப்பகங்கள். இங்கே உரிமத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிரையட்டில் வெளியாகும் தரவு எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சி.சி. ஜீரோ உரிமத்தில்தான் வரும், பெயர் குறிப்பிடுவதைச் சட்டப்படி வற்புறுத்த நினைப்பவருக்கு அது ஒத்துவராது. ஜெனோடோவில் உரிமம் நம் விருப்பம், ஒரு பதிவுக்கு வழக்கமான வரம்பு 50 ஜிபி.

டி.ஓ.ஐ. போன்ற மாறாத அடையாளங்களுக்குப் பொதுப்பெயராக ‘நிலைச்சுட்டி’ சரியாக இருக்கும். குறிப்பிட்ட நாள்வரை தரவைத் திறக்காமல் வைப்பதற்கு ‘தடைக்காலம்’ போதும்.

இன்னும் ஒன்று பிடிபடவில்லை. டிரையட்டில் தரவு வெளியாகும் முன் ஆட்கள் திறந்து பார்த்து, விளக்கக் கோப்பு போதுமா, அந்தரங்கத் தகவல் ஏதும் கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்த வேலைக்கு ‘தொகுத்தல்’ போதாது, ‘தணிக்கை’ வேறு பொருள் தரும். ‘தரவுப் பேணல்’ என்று வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.