உள்நாட்டில் இழுபறி நிலவும்போது வெளிநாட்டில் நமக்காகப் பேசுவது யார்?

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

அரசறிவியல் பயிலும் நான் கொழும்பில் நடைபெறவிருக்கும் விவாதமொன்றில் பங்கேற்கிறேன். ஜனாதிபதியும் பாராளுமன்றமும் முட்டிக்கொண்டிருக்கும் நாடு வெளியுறவிலும் தளர்ந்துபோகும் என்று வாதிடும் பக்கம் என் அணிக்குக் கிடைத்துள்ளது. ஆனால் எனக்கே அதில் ஓர் ஐயம் உண்டு. உள்ளூரில் எவ்வளவு சண்டை நடந்தாலும் தூதரகங்கள் மூடப்படுவதில்லை, அமைச்சின் அதிகாரிகள் வழமைபோல் கடமைக்குச் செல்கிறார்கள், கடவுச்சீட்டும் செல்லுபடியாகிறது. அப்படியானால் இந்த இழுபறி வெளியுறவை எந்த இடத்தில் தொடுகிறது? இருவர் பிரதமர் பதவிக்கு உரிமை கோரிய 2018 ஒக்டோபரில் நான் பாடசாலைச் சிறுமி. தொலைக்காட்சியில் 'பிரதமர்' என்ற சொல் வரும்போதெல்லாம் வீட்டில் பெரியவர்கள் "எந்தப் பிரதமர்?" என்று கேட்டுச் சிரித்தது மட்டுமே நினைவில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தங்கைக்கு, 2018ஐவிட 2003ஆம் ஆண்டே உங்கள் வாதத்துக்கு வலுவான சான்று. அப்போது சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க ஜனாதிபதி. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ரணில் விக்கிரமசிங்க பிரதமர். 2002 பெப்ரவரியில் விடுதலைப் புலிகளுடன் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைப் பிரதமரே முன்னின்று நடத்தினார். முப்படைகளின் தளபதி என்ற அதிகாரமோ ஜனாதிபதியிடம் இருந்தது. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய உதவி வழங்கும் நாடுகள் சுமார் 4.5 பில்லியன் டொலர் தருவதாக வாக்களித்து, சமாதான முயற்சியின் முன்னேற்றத்தோடு அதைப் பிணைத்திருந்தன. ஆகவே பேச்சு நின்றால் பணமும் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நவம்பர் 4ஆம் திகதி, பிரதமர் வாஷிங்டனில் இருந்த வேளையில், ஜனாதிபதி பாதுகாப்பு, உள்விவகாரம், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் தம் கையில் எடுத்துப் பாராளுமன்ற அமர்வையும் ஒத்திவைத்தார். அதற்கு அடுத்த நாள்தான் பிரதமர் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி புஷ்ஷைச் சந்தித்தார். அந்த அறையில் அவர் எந்த வாக்குறுதியை அளித்திருந்தாலும், அதை நிறைவேற்றும் படையும் பொலிசும் அப்போது அவருடைய பொறுப்பில் இல்லை. பத்து நாட்கள் கழித்து, சமாதானப் பேச்சுக்கு அனுசரணை வழங்கிய நோர்வே, கொழும்பில் யாரிடம் பொறுப்பு இருக்கிறது என்பது தெளிவாகும்வரை அனுசரணைப் பணியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் கோபம் இல்லை, கண்டனமும் இல்லை. யாரோடு பேசுவது என்ற கேள்வி மட்டுமே இருந்தது. நீங்கள் கேட்ட இடம் அதுதான். தூதரகம் திறந்திருந்தது, பேசுவதற்கு உரிய ஆள்தான் இல்லை.

ஆமர்வீதி வாசகர் எழுதியது:

ஐயா சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் குற்றத்தை இழுபறியின் தலையில் கட்டுவது சரியாகப் படவில்லை. 2010 ஜூனில் தேர்தல் நடத்திய பெல்ஜியம், 541 நாட்கள் புதிய அரசாங்கமின்றி இருந்தது. அதே 2010இன் பிற்பாதியில் ஐரோப்பிய ஒன்றியப் பேரவையின் சுழற்சித் தலைமையை அந்நாடு குறையின்றி நடத்தியது. 2011 மார்ச்சில் லிபியா மீதான நடவடிக்கையில் இணைவதற்கும் அதன் பாராளுமன்றம் ஏறக்குறைய ஒருமனதாக இணங்கியது. காபந்து அரசாங்கத்தின் அதிகார எல்லை எதுவென்று அங்கே எல்லாத் தரப்பும் ஏற்றிருந்தன. வெளியுறவின் அடிப்படைகளில் பெரிய கட்சிகளிடையே பிளவும் இல்லை. நம்மிடம் இல்லாதவை அவை இரண்டுமே. 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலைப் பதவி நீக்குகிறார், அவரோ பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையை விட்டு வெளியேற மறுக்கிறார், நவம்பர் 16ஆம் திகதி பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த் தூள் பறக்கிறது. இதை இழுபறி என்று அழைப்பதே இந்தக் குழப்பத்துக்குச் செய்யும் மரியாதைதான்.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

நன்றி. அப்படியானால் 2018இல் வெளியுலகம் எப்படி நடந்துகொண்டது? பணத்தில் தெரியக்கூடிய பாதிப்பு ஏதும் உண்டா?

துறைமுகத்துக்கு அருகில் எழுதியது:

உண்டு. ஒக்டோபர் 26ஆம் திகதி மகிந்த ராஜபக்ச பிரதமராக நியமிக்கப்பட்டதும் சீனத் தூதுவர் அவரைச் சந்தித்து வாழ்த்தினார். மேற்கு நாடுகளோ பாராளுமன்றத்தைக் கூட்டிப் பெரும்பான்மையைக் காட்டுங்கள் என்று கூறிக் காத்திருந்தன. யாரை அங்கீகரிப்பது என்பதே அந்நாடுகளுக்குக் கொள்கை முடிவாகிவிட்டது. உள்வீட்டுச் சண்டையில் அயலவர் தமக்கு விருப்பமான கதவைத் தட்டும் நிலை அது. நவம்பர் 20ஆம் திகதி கடன் தரப்படுத்தல் நிறுவனமான மூடீஸ் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் பிட்ச் நிறுவனமும் எஸ் அண்ட் பி நிறுவனமும் அதையே செய்தன. சர்வதேச நாணய நிதியத்துடனான கலந்துரையாடலும் தள்ளிப்போனது. இவ்வளவும் 2019 ஜனவரியில் ஒரு பில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்த நேரத்தில் நிகழ்ந்தவை. டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம், இடையில் ஜனாதிபதி செய்த பாராளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்ததும், 16ஆம் திகதி பழைய பிரதமரே மீண்டும் பதவியேற்றார். கதவு திறந்தது, ஆனால் குறைக்கப்பட்ட தரம் அதோடு திரும்பி வரவில்லை.

ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையிலான மனக்கசப்பும் தீரவில்லை. 2019 மார்ச்சில் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின், இலங்கையில் பொறுப்புக்கூறல் பற்றிய 40/1 தீர்மானத்துக்கு இலங்கை இணை அனுசரணை வழங்கியபோது, நாட்டின் ஜனாதிபதியே அதற்குத் தமது இணக்கம் இல்லை என்று பகிரங்கமாகக் கூறினார். 2020 பெப்ரவரியில் புதிய அரசாங்கம் அந்த அனுசரணையிலிருந்து விலகியபோது எவரும் பெரிதாக வியப்படையாததற்கு அதுவும் ஒரு காரணம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அந்தத் தீர்மானத்தின் ஒவ்வொரு பந்தியையும் நம்பிக் காத்திருந்தார்கள் என்பதை உங்கள் விவாதத்தில் யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியப் புலனாய்வுத் துறை, பின்னர் உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த தாக்குதல் குறித்து எச்சரித்தது. ஒக்டோபரிலிருந்து பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தாம் அழைக்கப்படவில்லை என்று பிரதமர் பின்னர் கூறினார். வெளிநாடு கொடுத்த தகவல் உரிய இடத்தைச் சென்றடையாமைக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இதையும் மறக்க முடியாது.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஆமர்வீதி வாசகரின் திருத்தத்தை ஏற்கிறேன். ஒரு மாற்றுக் கோணத்தையும் சேர்க்க வேண்டும்: உள்நாட்டுத் தடை சில வேளைகளில் பேரம் பேசுபவருக்கு உதவும். "எங்கள் செனட் சபை இதை ஏற்காது" என்று அமெரிக்கத் தூதுவர் சொன்னால் எதிர்த்தரப்பு நம்பும்; ஏனெனில் 1919இல் வெர்சாய் உடன்படிக்கையையும் 1999இல் அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையையும் அந்தச் சபை நிராகரித்ததை உலகம் கண்டது. ஆனால் அந்த உத்தி, தடை எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் பலிக்கும். 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது, வங்கதேசத்துடனான டீஸ்டா நதிநீர்ப் பங்கீடு ஏறக்குறைய முடிந்த விடயமாகவே பேசப்பட்டது. மேற்கு வங்க முதலமைச்சர் மமதா பானர்ஜி கடைசி நேரத்தில் உடன்பட மறுக்க, ஒப்பம் நின்றது. அங்கே பேரம் வலுக்கவில்லை, விருந்துக்கு அழைத்தவர்தான் சங்கடப்பட்டார்.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

எதிரணி பெல்ஜியத்தைக் கொண்டுவரும் என்று இப்போதே தெரிந்துவிட்டது. எனவே 'இழுபறி' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'யாருடைய ஒப்பம் செல்லும் என்பது தெரியாத நிலை' என்று எங்கள் தலைப்பை விளக்கிக்கொண்டு, 2003 நவம்பரிலிருந்து தொடங்கப்போகிறேன். அதற்கு நடுவர்கள் இணங்குவார்களா என்பது வேறு விடயம்.