மறு: கிரவுண்ட் ட்ரூத்: "தரை உண்மை" போதுமா?

> "தரை உண்மை" படித்தவுடன் புரிகிறது. மாற்ற என்ன தேவை?

வணக்கம் ஐயா. செயற்கைக்கோள் படம் காட்டுவது சரியா என்று ஒப்பிட நேரில் எடுக்கும் தரவை ஆங்கிலத்தில் கிரவுண்ட் ட்ரூத் (ground truth) என்கிறார்கள். அதைத் தமிழில் "தரை உண்மை" என்பது பற்றித்தான் கேட்டீர்கள்.

படித்தவுடன் புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. காத்மாண்டுவின் இசிமோட் (இமயமலைப் பகுதி ஆய்வு மையம்) போன்ற நிறுவனங்கள் தரும் வெள்ள வரைபடப் பயிற்சிகளுக்குத் தமிழ்க் கையேடு எழுதினால் இந்தச் சொல்தான் முதலில் இடறும்.

வங்கதேசத்தின் சுனாம்கஞ்ச் மாவட்ட ஹாவோர்களை, அதாவது மழைக்காலத்தில் ஏரியாகும் தாழ்நிலங்களைப் பாருங்கள். போரோ எனும் குளிர்கால நெல் அறுவடைக்கு நிற்கும்போது மேகாலய மலைமழை இறங்கி வயலை மூழ்கடிக்கும். 2017இல் மார்ச் இறுதியிலேயே வந்துவிட்டது. மேகம் மூடியிருப்பதால் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம்தான் கைகொடுக்கும். அசையாத நீர் ரேடார் அலையைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் பயிர் தலைநீட்டி நிற்கும் வெள்ள வயலில் அலை நீரிலும் பயிர்த்தண்டிலும் பட்டுத் திரும்புவதால் அந்த இடம் வெளிறித் தெரியும். காற்றில் அலையடிக்கும் நீர்ப்பரப்பும் வெளிறும். ஜனவரியில் நடவுக்கு நீர் கட்டிய வயலோ வெள்ளமே இல்லாமல் கறுத்திருக்கும்.

இவற்றைப் பிரித்தறியத்தான் ஒருவர் வயலுக்குப் போய், நீர் இருக்கிறதா என்று பார்த்து, இடத்தோடு பதிவுசெய்து புள்ளி எடுக்கிறார். கைப்பேசி ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே 5 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டும். படத்தின் பிக்சல் 10 மீட்டர். வரப்பில் நின்று எடுத்த புள்ளி அடுத்த வயலில் விழுந்துவிடும். குறைந்தது 30 மீட்டர் உள்ளே போய் எடுக்கச் சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய பிழை நாளில் வரும். செயற்கைக்கோள் கடந்து மூன்று நாள் கழித்து எடுத்தால் நீர் ஏறியோ வடிந்தோ போயிருக்கும். இதற்கு "உண்மை" என்று பெயர் வைத்தால், படமும் புள்ளியும் முரண்படும்போது பயிற்சிக்கு வந்த வேளாண் அலுவலர் யோசிக்காமல் படத்தைத் திருத்துவார். நிவாரணப் பட்டியலில் ஒரு கிராமம் விடுபடும்.

என் பரிந்துரை களச்சான்று. சான்று என்றாலே யார், எப்போது, எங்கே நின்று என்று கேட்கலாம். படிவத்தில் அந்த மூன்றுக்கும் கட்டம் இருக்க வேண்டும்.

---

> என் பரிந்துரை களச்சான்று

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. எல்லாப் புள்ளியும் களத்தில் எடுக்கப்படுவதில்லை. படகு போகாத இடத்தில், மேகம் விலகிய நாளின் உயர் பிரிதிறன் படத்தைப் பார்த்து அலுவலகத்திலேயே குறிக்கிறார்கள். அதைப் படச்சான்று எனலாம். இரண்டுக்கும் பொதுவாக ஒப்புச்சான்று?

இன்னொன்று. படத்தில் வெள்ளத்தை அடையாளம் காணும் கணினி நிரலுக்குக் கற்றுக்கொடுக்கும் புள்ளிகளைப் "பயிற்சித் தரவு" என்கிறோம். பயிலரங்கில் கொடுக்கும் மாதிரிக் கோப்புகளுக்கும் அதே பெயர். பங்கேற்பாளர்கள் இரண்டையும் குழப்பி, கற்பித்த புள்ளிகளை வைத்தே சரிபார்த்துவிடுகிறார்கள். துல்லியம் பொய்யாக உயர்கிறது. நிரலுக்குக் கற்பிப்பதைப் பழக்குசான்று, சரிபார்க்க ஒதுக்குவதைச் சோதனைச்சான்று என்று பிரித்துவிடலாம். சோதனைச்சான்று வெள்ளத்திலும் உலர்நிலத்திலும் தனித்தனியே போதுமான அளவு இருக்க வேண்டும். நிலத்தில் 5% மட்டும் மூழ்கியிருந்தால், எல்லாமே உலர்ந்தது என்று சொல்லும் வரைபடத்துக்கும் 95% மதிப்பெண் வந்துவிடும். மாவட்ட அலுவலரிடம் அந்த ஒற்றை எண்ணைக் கொடுக்கவே கூடாது. மூழ்கியதில் எவ்வளவு விடுபட்டது, மூழ்காததில் எவ்வளவு சேர்ந்தது என்று இரண்டாகச் சொல்ல வேண்டும்.

---

> ஒப்புச்சான்று?

இது "ஒப்புதல் சான்று" போல ஒலிக்கிறது. அரசு அலுவலர் கையெழுத்திட்ட காகிதம் என்றே எடுத்துக்கொள்வார். ஒப்பீட்டுச்சான்று என்றால் இரண்டெழுத்து நீளும், குழப்பம் தீரும். களச்சான்று, படச்சான்று, பழக்குசான்று மூன்றும் அப்படியே இருக்கட்டும். சோதனைச்சான்று மருத்துவப் பரிசோதனையை நினைவூட்டுவதால் சரிபார்ப்புச்சான்று மேல்.

"தரை உண்மை"யைச் சொற்பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். தேடுவோர் அதைத்தான் தட்டச்சு செய்வார்கள். "களச்சான்று காண்க" என்று வழிகாட்டினால் போதும்.