புதுப்பிப்பு: காரைக்குடி கடைக் கூப்பன் விவகாரம்

போன பதிவில் சொன்னது இதுதான்: காரைக்குடியில் ஒரு பெரிய கடை கொடுத்த 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனை, அப்பத்தாவுக்கு எடுத்த கண்டாங்கிச் சேலைக்கு ஏற்க மறுத்துவிட்டார்கள். கைத்தறிக்குக் கிடையாதாம்.

நேற்று மேலாளரைப் பார்த்துக் கூப்பனைத் திருப்பிக் காட்டினேன். முன்பக்கம் கட்டைவிரல் உயரத்துக்குத் தமிழில் ‘அனைத்துக்கும் தள்ளுபடி’. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் விலக்குகள்: கைத்தறி, எவர்சில்வர், குழந்தைகள் துணி, ஏற்கெனவே விலை குறைத்தவை. அப்புறம் என்னதான் மிச்சம்?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டுதல்படி, நிபந்தனையும் விளம்பரம் பேசிய அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். இதைச் சொன்னதும், “தம்பி, அச்சடிச்சது மதுரையில, நாங்க என்ன பண்றது?” என்றார். எனக்கு மனசு ஆறவே இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் அந்தப் பெரிய எழுத்தை நம்பித்தானே வருகிறார்கள்!

சரி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் புகார் பதிந்துவிட்டேன். தள்ளுபடிப் பணம் இன்னும் வரவில்லை. ஆனால் கல்லாவுக்கு மேலே விலக்குகளைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தேவகோட்டைக் கிளையில் அதுவும் இல்லை. அங்கே போகிறவர்கள் பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.