டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே கிடைத்த சொந்தங்கள்: உங்களுக்குக் கைகொடுத்தது யார்?

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். போக வர எல்லாம் சேர்த்தால் அன்றைய நாளே போய்விடும். காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் சிகிச்சைக்குக் காசு கட்டுவதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

முதல் இரண்டு மாதம் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்கள் கையிலெல்லாம் இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம். மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். "ஏதாவது வேணும்னா கூப்பிடும்மா" என்று எல்லோரும் சொன்னார்கள். எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வாய்த்த ஆள் வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணப்பாறைப் பக்கத்து அக்கா. அவருடைய மகனுக்கு அப்போதே நான்கு வருடமாக டயாலிசிஸ். முதல் நாள் நான் கதவைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தேன். "என்ன ஆச்சு" என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டு டிபன் டப்பாவைத் திறந்தார்.

பொட்டாசியம் குறைய, காயை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொன்னதும் அவர்தான். என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு 750 மில்லி தண்ணீர்தான் குடிக்கலாம். "காலையிலேயே அதை ஒரு பாட்டிலில் ஊத்தி வை. காபி, ரசம், மோர் எது குடிச்சாலும் அதே அளவு பாட்டிலிலிருந்து எடுத்துக் கொட்டிடு, கணக்கு தப்பாது" என்றார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது) போட்ட கையைத் தினமும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்: "பூனை உறுமுற மாதிரி கிர்ருனு இருக்கணும். இல்லேன்னா உடனே ஓடி வந்துடு." இதெல்லாம் மருத்துவமனையில் கொடுத்த தாளிலும் இருந்தது. ஆங்கிலத்தில்.

ஒரு சனிக்கிழமை அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஆறு பேராக வேன் பிடித்து மணப்பாறை போனோம்.

— திருச்சியிலிருந்து

•

படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா இறந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, சோறெல்லாம் பங்காளிகள் வீட்டிலிருந்து வந்தது. பதினாறாம் நாள் காரியம் வரை வீடு கொள்ளாத கூட்டம். பதினேழாம் நாள் காலையில் நானும் அப்பாவும் மட்டும். அவருக்குக் காபி போடக்கூடத் தெரியாது.

அன்று ஆறு மணிக்கு அவருடைய டீக்கடை நண்பர் வாசலில் நின்று, "வாய்யா, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றார். எட்டு மாதம் தினமும் வந்தார். அம்மாவைப் பற்றி அவராக ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நான்காவது மாதம் அப்பாவே பேச ஆரம்பித்தாராம். வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா தினமும் போன் செய்து அழுவாள். பாவம், அவள் துக்கம் அவளுக்கு. ஆனால் மணி அடித்தாலே அப்பா தோட்டத்துப் பக்கம் நழுவிவிடுவார்.

— மதுரைக்காரன்

•

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இளநீர் தூக்கிக்கொண்டு போகிற ஆள் நான்தான். எங்கள் மாமாவுக்குப் போன மாதம்தான் டயாலிசிஸ் தொடங்கினார்கள். நான் போய்ப் பார்த்தது மூன்று தடவை, மூன்று தடவையும் இளநீர். அத்தை சிரித்த முகமாக வாங்கி உள்ளே வைத்தார். இப்போதுதான் புரிகிறது. அடுத்த தடவை என்ன வாங்கிப் போகலாம்?

— கோவை

•

கோவைத் தம்பிக்கு: கையில் எதுவும் வேண்டாம். ஒரு நாள் அத்தையை வீட்டில் தூங்கச் சொல்லிவிட்டு, மாமாவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், போனுக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஃபிஸ்டுலா இருக்கிற கையில் பை மாட்டவோ, பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள். திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றலாம், பஸ் வேண்டாம், ஆட்டோவிலேயே வந்துவிடுங்கள்.

— திருச்சியிலிருந்து